சிங்க்திங்: ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிகிறது

கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒரேபோல் வைத்திருக்கும் சிங்க்திங் மென்பொருளைப் பயன்படுத்துகையில், மடிக்கணினியில் படக் கோப்புறையை அழித்ததும் மேசைக்கணினியிலும் அது காணாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் மடிக்கணினியின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். படங்கள் அங்கே இருந்தால் மீட்டெடுங்கள். தானாகவே மறுபக்கமும் போய்ச் சேரும். மேசைக்கணினியின் ரீசைக்கிள் பின்னில் தேட வேண்டாம், சிங்க்திங் அழிப்பது அங்கே போகாது.

இது கோளாறு இல்லை. சிங்க்திங் ஒத்திசைவுக் கருவி; அழிப்பும் அதற்கு ஒரு மாற்றம்தான். அதை மட்டும் பேக்கப் என்று நம்பக் கூடாது.

சரி, இனி இழக்காமலிருக்க: மேசைக்கணினியில் அந்தக் கோப்புறையின் 'எடிட்' போய் 'ஃபைல் வெர்ஷனிங்'கில் (பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதி) 'ஸ்டேகர்ட்' தேர்ந்தெடுங்கள். பெறும் கணினியில்தான் இதை வைக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: தன் கணினியில் நாமே அழிப்பதற்கு அது பழைய பிரதி எடுத்து வைக்காது, வெளியிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே எடுக்கும். அழிந்தவை அந்தக் கோப்புறைக்குள்ளேயே 'எஸ்டிவெர்ஷன்ஸ்' என்ற துணைக் கோப்புறையில் கிடக்கும்.

அப்புறம், இரண்டும் ஒரே வீட்டில்தானே? திருட்டு, தீ என்றால் சேர்ந்தே போகும். குழந்தைகளின் படங்கள் என்கிறீர்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். ரீசைக்கிள் பின்னில் படங்கள் கிடைத்தனவா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் மடிக்கணினியின் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை வைத்து முயலலாம்.