காலைல மெரினாவுல எடுத்தா மூஞ்சி மட்டும் கருப்பா வருதே, போன் கேமராவுல என்ன பண்ணலாம்?

போன் மேல தப்பு இல்லங்க, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்குங்குறதுதான் விஷயம். மெரினா கிழக்க பாத்த பீச், காலைல சூரியன் கடல் பக்கம் இருந்து வருது, ஆள கடலுக்கு முன்னாடி நிக்க வச்சா பின்னாடி வானம் பளிச்சுன்னு இருக்கும், கேமரா மொத்த ஃப்ரேமுக்கும் சேத்து வெளிச்சத்த கணக்கு போடுறதால மூஞ்சி இருட்டாயிடும். அதே இடத்துல சாயங்காலம் 5 மணி வாக்குல எடுத்துப் பாருங்க, வெயில் சிட்டி பக்கம் இருந்து சாஞ்சு வரும், மூஞ்சில நேரா விழும், கடலும் நீலமா கிடைக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் அது.

காலைலதான் எடுக்கணும்னா ஸ்க்ரீன்ல மூஞ்சிய தொடுங்க, நிறைய போன்ல பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அத மேல இழுத்தா மூஞ்சி வெளுக்கும். வானம் கொஞ்சம் வெளிறிப் போகும், பரவால்ல, ஆளோட மூஞ்சி தெரியறதுதான் முக்கியம்.

லென்ஸ தொடைக்காம எடுக்கவே எடுக்காதீங்க. உப்புக்காத்து, பஜ்ஜி சாப்ட்ட கை, எல்லா பிசுக்கும் அதுல ஒட்டியிருக்கும், மொதல்ல மணல ஊதிட்டு அப்புறம் மெல்லிசான துணியால தொடைங்க, இல்லன்னா கீறல் விழும். ஏசி கார்ல இருந்து இறங்கின உடனே எடுத்தா லென்ஸ்ல ஈரம் படிஞ்சு மங்கலா வரும், ஒரு 5 நிமிஷம் பொறுங்க.

ரொம்ப கிட்ட போனா மூக்கு பெருசா தெரியும், நாலடி தள்ளி நின்னு 2 எக்ஸ் ஜூம்ல எடுங்க.