வாசகர் கேள்வி, எங்கள் பதில்: களிமண்ணில் ஓடிய டிரக்குகள்

அமெரிக்காவின் எல்டோரா ஓடுதளத்தில் ஆண்டுதோறும் நடந்த டிரக் பந்தயம் குறித்துச் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: டிரக் பந்தயம் என்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி மாதிரி வண்டிகளா ஓடுகின்றன?
(லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்)

பதில்: லோரி அல்ல. தோட்டத்து மேலாளர்கள் ஓட்டுகிற பிக்கப் வண்டியின் உருவம் மட்டும்தான் அதில் இருக்கும். உள்ளே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு, அதன்மேல் பிக்கப் வடிவில் ஓர் உறை. எடை ஏறத்தாழ 1,540 கிலோ. எல்டோராவில் முதலில் ஓடியபோது 358 கன அங்குல வி-8 இன்ஜின், அதாவது ஏறக்குறைய 5.9 லிட்டர். அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1995-இல் இதைத் தனித் தொடராகத் தொடங்கியது. பீனிக்ஸில் நடந்த முதல் பந்தயத்திலும், அந்த ஆண்டுப் பட்டத்திலும் மைக் ஸ்கின்னர் வென்றார்.

கேள்வி: தார்ச்சாலை வண்டிகளை மண்ணில் ஓட விடலாம் என்று யாருக்குத் தோன்றியது? யார் யார் ஜெயித்தார்கள்?
(கல்லூரி மாணவி, கோல கங்சார்)

பதில்: எல்டோரா ஒஹாயோ மாநிலத்துக் கிராமப்புறத்தில் இருக்கிறது. ஏர்ல் பால்டெஸ் 1954-இல் தொடங்கிய ஓடுதளம் அது. அரை மைல் சுற்று, களிமண் தரை, வளைவுகளில் 24 பாகைச் சரிவு. 2004-இல் பந்தய ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட் அதை வாங்கினார். நாஸ்கார் டிரக்குகள் அங்கே முதன்முதலாக ஓடியது 24 ஜூலை 2013, புதன்கிழமை இரவு. நமக்கு அது வியாழன் காலை, பசியாறும் நேரம்.

அந்த இரவுக்கு ஏன் அவ்வளவு எதிர்பார்ப்பு? நாஸ்காரின் தேசியத் தொடர் எதுவும் மண்ணில் ஓடிக் கிட்டத்தட்ட 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக ஓடியது 30 செப்டம்பர் 1970 அன்று, வட கரோலினாவின் ராலி நகரில். அதில் வென்றவர் ரிச்சர்ட் பெட்டி. நாஸ்கார் மண்ணில் பிறந்த விளையாட்டு; அதைத் தாய்மண்ணுக்குத் திரும்பக் கொண்டுவந்தது இந்தப் பந்தயம்தான்.

முதல் ஆண்டு 150 சுற்றுகளை 60, 50, 40 என மூன்றாகப் பிரித்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் மாற்றும் அவசரம் கிடையாது, இடைவேளையில் வைத்துக்கொண்டார்கள். முன்னதாக 8 சுற்றுத் தகுதி ஓட்டங்கள், பிறகு கடைசி வாய்ப்பு ஓட்டம். அதில் 61 வயது நார்ம் பென்னிங், பின்னாலிருந்து இடித்துக்கொண்டே வந்த வண்டிக்கு வழிவிடாமல், பிரதான ஓட்டத்துக்குத் தகுதி பெற மிச்சமிருந்த கடைசி இடத்தைப் பிடித்தார். பிரதான ஓட்டத்தில் ஆஸ்டின் டில்லன் வென்றார். அந்தப் பென்னிங் ஓட்டத்தின் காணொளியைத் தேடிப் பாருங்கள். பட்டத்துக்கான ஓட்டம்கூட அப்படி இருக்காது.

2014-இல் டாரல் வாலஸ் ஜூனியர் வென்றார். அவரைப் பிடிக்க கைல் லார்சன் சுவரோடு சுவராக உரசிக்கொண்டே துரத்தியும் பலிக்கவில்லை. 2015-இல் கிறிஸ்டோபர் பெல், 2016-இல் அதே லார்சன், 2017-இல் மாட் கிராஃப்டன். 2018-இல் சேஸ் பிரிஸ்கோ 0.038 விநாடி வித்தியாசத்தில் தப்பினார். 2019-இல் கனடாக்காரர் ஸ்டூவர்ட் ஃபிரீசன். டிரக் தொடரில் அவருக்கு அதுவே முதல் வெற்றி. வென்றவருக்குக் கோப்பை கிடையாது, தங்க நிற மண்வெட்டி!

கேள்வி: தார்ச்சாலை வண்டியை மண்ணுக்கு மாற்ற என்னென்ன செய்ய வேண்டும்?
(பட்டறை மெக்கானிக், சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் மூக்கின் அடியில் தரையை ஒட்டி நிற்கும் காற்றுத் தகட்டைக் கழற்ற வேண்டும். மண்மேட்டில் அது முதல் சுற்றிலேயே உடையும். அடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி வலை. முன்னால் போகிற வண்டி வாரி இறைக்கும் ஈரக்களி ரேடியேட்டரில் அப்பிக் காய்ந்துவிட்டால் காற்று நுழையாது, தண்ணீர் கொதிக்கும். இடைவேளையில் வலையைச் சுரண்டிச் சுத்தம் செய்யாத அணி அடுத்த பகுதியில் இன்ஜினை இழக்கும்.

உயிர்நாடி டயரில் இருக்கிறது. வண்டிகள் எப்போதும் இடப்பக்கமே திரும்பிச் சுற்றுவதால், வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்கத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும். தே தாரிக் கிளாஸைப் படுக்கவைத்து மேசையில் உருட்டிப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல் என்பதால் அது நேரே போகாமல் வட்டமடிக்கும். வண்டியும் அப்படித்தான். கணக்கு எளிது: சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை இடது டயரின் சுற்றளவால் பெருக்கி, இரு சுற்றளவுகளின் வித்தியாசத்தால் வகுத்தால், இடது சக்கரம் தானாகவே உருளும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 1.5 மீட்டர் அகலம், இடது 215 செ.மீ., வலது 225 செ.மீ. என்றால் ஆரம் 32 மீட்டர். வித்தியாசம் போதாவிட்டால் மூக்கு திரும்பாமல் சுவரை நோக்கிப் போகும். அதிகமானால் நேர்ப்பாதையிலும் இடப்பக்கமே இழுக்கும், பின்பாகம் நிலைகொள்ளாது.

எடையையும் மறக்காதீர்கள். மண்ணுக்கென்றே கட்டிய லேட் மாடல் கார் ஏறத்தாழ 1,040 கிலோதான். டிரக் 500 கிலோ கூடுதல். காரில் பழகியவர்கள் அதே இடத்தில் பிரேக் பிடித்துத்தான் முதல் நாளில் சுவரில் மோதுகிறார்கள்.

கேள்வி: இப்போதும் நடக்கிறதா?
(வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: இல்லை. 2020-இல் கோவிட் காரணமாக ரத்தானது. 2021-இல் பந்தய அட்டவணையில் அதன் இடம் அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் ஓடுதளத்துக்குப் போனது. ஆஸ்டின் ஹில் வென்றார். எல்டோராவில் நடந்தது ஏழே முறை. அதை இழந்தது இத்தொடருக்குப் பெரிய இழப்பு என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்மண் ரோட்டிலும் இப்படி ஒரு தளம் போட முடியாதா? தண்ணீர் அடித்தால் போதாதா?
(இளைஞர் மன்றத்தினர், சுங்கை சிப்புட்)

பதில்: போதாது. தோட்ட ரோட்டில் கொட்டுவது பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். லோரியின் பாரம் தாங்க அது நல்லது. பந்தய வேகத்தில் அந்தச் சரளை உண்டைக்கல்லாய்ப் பறந்து பின்னால் வருகிறவரின் ரேடியேட்டரைக் கிழிக்கும். தேவை களிமண். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிச் சப்பாத்திப் பலகையில் உள்ளங்கையால் உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள திரியாக உடையாமல் நீண்டால் ஒட்டும் குணம் இருக்கிறது. அதற்கு முன்பே பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த மண் வேண்டாம்.

மேல் 5 முதல் 8 செ.மீ. வரை கிளறிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று தொடங்கலாம். 200 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்றால் 8,000 லிட்டர். ஒரே மூச்சில் ஊற்றினால் மேலே சேறு, கீழே வறட்டு மண். ரோலர் ஓட்டியதும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும். அதனால் நாலைந்து தடவையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஊறவிட்டுக் கிளறுங்கள். கையில் பிசைந்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அந்தப் பதத்தில் ரோலர் ஓட்டி, பிறகு வண்டிகளை மெதுவாகச் சுற்றவிட்டு டயராலேயே இறுக்குங்கள்.

எல்டோராவில் இரவு முழுக்க நடந்த ஆட்டமும் இந்த ஈரம்தான். தொடக்கத்தில் தளம் எங்கும் பிடிப்பு. சுற்றுகள் ஏற ஏற நடுப்பாதை காய்ந்து, டயர் ரப்பர் தேய்த்துப் பளபளக்கும்; அங்கே பிடிப்பு போய்விடும். உதிர்ந்த ஈரமண் சுவரோரம் வரப்பு மாதிரி ஒதுங்கும். துணிந்தவர் வலப் பின்சக்கரத்தை அந்த வரப்பில் சாய்த்து வேகம் எடுப்பார். ஒரு சாண் தவறினால் சுவர். லார்சன் உரசியது அந்த ஒரு சாணுக்காகத்தான்.

நம் ஊரில் பிற்பகல் மழை அந்த வரப்பைக் கரைத்து வாய்க்காலில் சேர்த்துவிடும். ஆகவே தளத்தின் உட்புறம் தாழ்வாக வைத்து அங்கே வடிகால் வெட்டுங்கள். மழை விட்டதும் ரோலரை ஏற்றாதீர்கள். உருண்டைப் பதம் திரும்பும்வரை காத்திருங்கள்.