சாயப்பட்டறையில் மாஸ்டர் நுணுக்கங்களைச் சொல்லித்தராமல் மறைத்தால், கூட வேலை செய்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

எப்படி மறைக்கிறார் என்பதைப் பொறுத்தது. கேத்தரின் கானெலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தெரியாததுபோல் நடிப்பது, அரைகுறையாக எதையாவது சொல்லி நழுவுவது, காரணம் சொல்லி மறுப்பது.

திருப்பூர்ப் பட்டறைகளில் மூன்றும் நடக்கும். "பையர் ரெசிபிப்பா, வெளிய தரக்கூடாது" என்று துணி வாங்கும் கம்பெனியைக் காரணம் காட்டினால் ஹெல்பர் பெரிதாக மனதில் வைத்துக்கொள்வதில்லை. "கண்ணளவுதான், எனக்கே கணக்குத் தெரியாது" என்றால் கடுப்பாகிவிடுவார். மாஸ்டர் நைட் ஷிஃப்டில் தராசில் நிறுத்துப் போடுவதை அவர்தானே பார்க்கிறார்!

உண்மையில் மறைக்கப்படுவது பெரும்பாலும் ரெசிபி அல்ல, அதைத் திருத்தும் கணக்கு. 300 கிலோ காட்டன் துணி, துணிக்கும் தண்ணீருக்கும் 1:8 என்றால் 2,400 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று பேட்ச் கார்டில் (அந்தத் துணிக்கான அளவுச் சீட்டில்) இருந்தால் மொத்தம் 144 கிலோ. ஆனால் தண்ணீரில் 600 லிட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பில் திரும்பக் கிடைத்த பிரைன், அதாவது உப்புநீர். அதில் லிட்டருக்கு 100 கிராம் உப்பு இருந்தால், 60 கிலோ ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. போட வேண்டியது 84 கிலோதான். இதைச் சொல்லாமல் கார்டை மட்டும் நீட்டினால் உப்பு கூடி, சாயம் அவசரமாக ஏறி, துணி திட்டுத்திட்டாக வரும். பழி ஹெல்பர் தலையில்.

அடுத்து ஹெல்பரும் மறைக்க ஆரம்பிப்பார். சாயம் துணியில் பிடிப்பதற்காக 40 நிமிடத்தில் மெதுவாக விட வேண்டிய சோடா ஆஷை 10 நிமிடத்தில் விட்டிருப்பார். வாயைத் திறக்க மாட்டார். ஷேட் (நிறச்சாயல்) ஏன் மாறியது என்று லேப் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முதலாளிக்கு இதில் விழும் நஷ்டம் பெரிது, ஆனால் அவர் கண்ணில் படுவது கடைசியில்தான்.

கேட்கும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள். "எப்படிங்க ஷேட் பிடிக்கிறீங்க?" என்றால் மாஸ்டருக்கே வார்த்தை வராது; கைப்பழக்கம் அது, அதை மறைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "இந்த லாட்டுக்கு பிரைன் எத்தனை லிட்டர், மாஸ்டர்? கிராம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இதற்கும் நழுவினால் சந்தேகமே இல்லை.

முதலாளியாக இருந்தால், பேட்ச் கார்டில் பிரைன் அளவு, அதன் உப்பு, சோடா விட்ட நேரம், அடிஷன் (ஷேட் சரிசெய்யப் பின்னால் சேர்த்த சாயம்) என்று நாலு கட்டம் சேருங்கள். அதற்கு முன்னால், ஹெல்பர் கற்றுக்கொண்டதும் பாதிச் சம்பளத்தில் அவரையே மாஸ்டராக்கிவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கை மாஸ்டருக்கு வர வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டம் நிரம்பும், எண்கள் பொய்யாக இருக்கும்.