பழைய பைக்கின் கார்புரேட்டர்: சில கேள்விகளும் பதில்களும்

கே: ஐந்து வருடம் ஓடாமல் நின்ற பைக். சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவிவிட்டேன். இன்னும் என்ன பாக்கி?

சோக்கில் மட்டும் ஓடுகிறது என்றால், சோக் இல்லாதபோது பெட்ரோல் போதவில்லை. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேங்கிய பெட்ரோல் ஆவியாகப் போக, மிச்சமாகும் பிசின் முதலில் அடைப்பது இந்தத் துளையைத்தான்.

ஜெட்டை நீங்கள் சுத்தம் செய்திருப்பீர்கள். ஜெட்டுக்கு அப்பால் பாடிக்குள் ஓடும் பாதையைப் பார்த்தீர்களா? அது காற்றுப் பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடு அல்லது பட்டர்ஃப்ளையின் விளிம்புக்கு அருகே ஊசிமுனை அளவு ஓட்டைகளாக முடியும். இரண்டு தடவை கழுவியும் சரியாகாத கார்புரேட்டர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஓட்டைகளைத்தான்.

ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே) பட்டால் டயாஃப்ரமும் ஓ-ரிங்கும் உப்பிக் கெட்டுவிடும். பைலட் ஜெட் உட்காரும் குழியில் கிளீனரின் குழாயை வைத்து அடியுங்கள். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவின் குழியிலும், அந்தச் சின்ன ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் பீய்ச்சிக்கொண்டு வர வேண்டும். ஒன்றை விரலால் அடைத்தால் மற்றதில் வேகம் கூட வேண்டும். எங்கே கூடவில்லையோ அங்கேதான் அடைப்பு. கட்டாயம் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எந்த ஓட்டையிலிருந்து முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது.

மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் என்று வரும். பல மாடல்களில் அந்த ஓ-ரிங் இறுகிப்போய் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புதியதைப் போட்டால் இரண்டு ஓ-ரிங் ஆகிவிடும், ஸ்க்ரூ சரியாக உட்காராது. டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஜெட்டில் இரும்புக் கம்பியை மட்டும் விடாதீர்கள். பித்தளை மிருதுவானது, ஒரு கீறல் விழுந்தாலும் அளவு மாறிவிடும். மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும்.

இவ்வளவுக்கும் பிறகு அதே குறை இருந்தால், கார்புரேட்டரை விட்டுவிட்டு, அதை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு வழியே காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான்.

கே: ரிப்பேர் கிட் வாங்கி உள்ளே இருந்த எல்லாவற்றையும் மாற்றினேன். முன்பு நன்றாக ஓடியது, இப்போது பிளக் கறுக்கிறது.

பிளக் கறுத்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பழைய ஜெட்டுகளைத் தூக்கிப் போடவில்லை என்றால் இன்றே அவற்றைத் திருப்பிப் போடுங்கள். கிட்டில் எனக்கு வேண்டியது ரப்பரும் கேஸ்கெட்டும்தான். அதே எண் பொறித்திருந்தாலும் கிட் ஜெட்டின் துளை ஒரிஜினல் அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. எண்களே கம்பெனிக்குக் கம்பெனி வேறு: கெய்ஹின் மெயின் ஜெட்டில் எண் துளையின் விட்டத்தைச் சொல்லும், மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் பெட்ரோல் பாயும் அளவைச் சொல்லும். ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலின் சரிவு கொஞ்சம் மாறினாலும் நடு திராட்டில் முழுக்க மாறிப்போகும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் குப்பையில் போட்ட ஒரிஜினல் நீடில்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

பழையதை மாற்றியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீடில் உரசி உரசி, அது இறங்கும் நீடில் ஜெட்டின் வாய் முட்டை வடிவமாகிவிடும். ஐட்லிங்கும் முழு திராட்டிலும் சரியாக இருக்கும், நடுவில் மட்டும் புகை. அப்போது நீடிலையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக, கார்புரேட்டர் செய்த கம்பெனியின் பாகமாகவே வாங்குங்கள்.

கே: ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. ஃப்ளோட் நீடில் புதியது.

ஃப்ளோட் என்ற மிதவை ஏறும்போது பெட்ரோலை அடைக்கும் நீடில் புதியது, அது உட்காரும் சீட்? அங்கே பச்சையாகப் படிந்திருந்தால் காது குடையும் பஞ்சில் மெட்டல் பாலிஷ் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் ஓட்டை. ஃப்ளோட் உயரத்தை அளக்கும்போது நீடிலின் ஸ்பிரிங் முனை அமுங்கக் கூடாது. கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளவெடுங்கள்.

இது சரியாகும்வரை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். வழியும் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் அளவுக் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் கிக் அடிக்கவே வேண்டாம்.

கே: ஜப்பான் பைக். கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான பவுலின் ஸ்க்ரூ தலைகள் வழுக்கிச் சிதைகின்றன.

அவை பிலிப்ஸ் அல்ல, ஜப்பான் தரமான ஜேஐஎஸ். பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக இறங்காது. ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்குங்கள்.

கே: மிக்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திறக்க வேண்டும்?

உங்கள் மாடலின் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. கையில் இல்லையென்றால் ஒன்றரைச் சுற்றில் தொடங்குங்கள். அதைவிட முக்கியம் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, திறந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து இளகும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, திறந்தால் கலவை கெட்டியாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். அழுத்தி இறுக்கினால் கூர்முனை உடைந்து பாடிக்குள்ளேயே தங்கிவிடும்.

கே: நான்கு சிலிண்டர் பைக்கின் கார்புரேட்டர்களை ஒன்றோடொன்று சமன் செய்ய, உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் அவசியமா? காதால் கேட்டுச் செய்ய முடியாதா?

நான்குக்குக் காது போதாது, கேஜ் வேண்டும். அதற்கு முன் டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), பிறகு இக்னிஷன் டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். டாப்பெட் தவறாக இருந்தால் நீங்கள் சமன் செய்வது அந்தத் தவறைத்தான். இன்ஜின் சூடான பிறகு செய்யுங்கள், எதிரே ஒரு மின்விசிறியை வையுங்கள். காற்றில்லாமல் நின்றபடி ஓடினால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

கே: அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர். இன்ஜின் சூடானதும் திராட்டில் திரும்ப வருவதில்லை.

முதலில் பைக்கை ஓட்டுவதை நிறுத்துங்கள். அடுத்து, கார்புரேட்டரை இன்ஜினோடு பொருத்தும் ஃப்ளாஞ்சின் முகத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், யாரோ நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கி அந்த மிருதுவான உலோகத்தை வளைத்திருக்கிறார்கள். ஃப்ளாஞ்ச் வளையும்போது உள்ளே ஸ்லைடு ஓடும் குழலும் கோணிக்கொள்ளும். சூட்டில் இடைவெளி இன்னும் குறைந்து ஸ்லைடு பிடித்துக்கொள்கிறது. ஃப்ளாஞ்சின் முகத்தை மட்டும் தேய்த்துச் சமன் செய்தால் குழல் நேராகிவிடாது. ஸ்லைடு தன் எடையிலேயே கீழே இறங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பாடியை மாற்றுங்கள். புதியதைப் பொருத்தும்போது நட்டுகளைக் கையால் ஓட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஃப்ளாஞ்சில் உள்ள ஓ-ரிங் அமுங்கினாலே காற்று புகாது.