எட்டுப் புள்ளிகளும் ஒரு தற்காப்புக் கோடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்பந்து அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 2024இல் சண்டர்லாந்து அணியை எடுத்து, இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் ஆடி வருகிறேன். 4-2-3-1 அமைப்பில், தற்காப்புக் கோட்டை (தற்காப்பாளர்கள் எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்பதை) ‘ஸ்டாண்டர்ட்’ நிலையில் வைத்து ஆடிய சீசனில் 61 புள்ளிகள் கிடைத்தன. ஜூலையில் சேமித்து வைத்திருந்த கோப்பைத் திறந்து, கோட்டை மட்டும் ‘ஹையர்’ (இன்னும் முன்னே) என்று மாற்றி அதே சீசனை மறுபடி ஆடினேன். 69 புள்ளிகள் வந்தன. கோட்டை உயர்த்துவதுதான் சரி என்று முடிவு கட்டினேன். ஆனால் அதே கோப்பை, அதே மாற்றத்துடன் என் நண்பன் ஆடியபோது 58 புள்ளிகள்தான் வந்தன. அப்படியானால் இந்த அமைப்புகளால் உண்மையில் ஏதாவது விளைவு உண்டா, இல்லை எல்லாமே தாயம் உருட்டுவதுதானா?

கே.

அன்புள்ள கே.,

விளைவு உண்டு. ஆனால் ஒரு சீசனின் புள்ளிக்கணக்கில் அதைத் தேடினால் அகப்படாது. நீங்கள் ஒரே கோப்பிலிருந்து தொடங்கி ஒன்றை மட்டும் மாற்றியது மிகச் சரியான செயல். பெரும்பாலானோர் பார்மேஷன், பிரஸ்ஸிங், ஆட்ட வேகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் நிற்பார்கள். உங்கள் சோதனையில் குறைந்தது முறையல்ல, எண்ணிக்கைதான்.

உங்கள் 61 புள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். 46 ஆட்டங்களில் 61 என்றால் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.33 புள்ளி. வெற்றிக்கான வாய்ப்பு 36 விழுக்காடு, சமனுக்கு 25, தோல்விக்கு 39 என்று கொண்டால் இந்தச் சராசரி கிடைக்கும். இத்தகைய அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே பலத்துடன், எந்த மாற்றமும் செய்யாமல் ஆடினாலும், ஒரு முழு சீசனின் மொத்தப் புள்ளிகளுக்குத் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய 9 வருகிறது. அதாவது அந்த சீசனைத் திரும்பத் திரும்ப ஆடினால், மூன்றில் இரண்டு முறை மொத்தம் 52க்கும் 70க்கும் இடையில் எங்காவது விழும். உங்கள் 69, உங்கள் நண்பரின் 58 இரண்டுமே அந்த எல்லைக்குள் இருப்பவை. கோட்டைத் தொடாமலேயே இந்த இரண்டு எண்களும் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடும்.

இரண்டு சீசன்களை ஒப்பிடும்போது இரண்டின் தடுமாற்றமும் சேர்ந்துகொள்வதால், வித்தியாசத்தின் திட்ட விலக்கம் 12 அல்லது 13 புள்ளிகளாகிவிடுகிறது. ஒவ்வொரு நிலைக்கும் பத்து சீசன்கள் ஓட்டிச் சராசரி எடுத்தால் அது நான்காகக் குறையும். அப்போதுதான் எட்டுப் புள்ளி வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதாகிறது. இரண்டு மூன்று புள்ளி பலன் தரும் சிறு மாற்றங்களைப் புள்ளிப் பட்டியலில் தேடுவது வீண்வேலை என்றே நினைக்கிறேன்.

பத்து சீசன்களை ஓட்ட, மேலாளரை விடுமுறையில் அனுப்பி உதவியாளரிடம் அணியை ஒப்படைக்கும் வசதியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவது முதலியவற்றை உதவியாளரே தீர்மானிப்பதால், ஆட்டத்தின் நடுவே நீங்கள் செய்யும் திருத்தங்களின் மதிப்பு அந்தச் சோதனையில் சேராது.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஓர் அமைப்பு நேரடியாக எதை மாற்ற வேண்டுமோ, அதை மட்டும் அளந்து பாருங்கள். ஓர் ஆட்டத்தில் விழுவது இரண்டு மூன்று கோல்கள். கோலை நோக்கி அடிக்கப்படும் பந்துகளோ அதைப்போலப் பல மடங்கு. எண்ணுவதற்கு நிறைய இருக்குமிடத்தில் உண்மை சீக்கிரம் தெளிவாகும். தற்காப்புக் கோட்டை உயர்த்தினால் எதிரணி ஆஃப்சைடில் (தற்காப்புக் கோட்டைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறில்) சிக்குவது அதிகரிக்க வேண்டும். உங்கள் ஆட்டக்காரர்கள் பந்தை மீட்கும் இடம் முன்னே நகர வேண்டும். அதற்கு விலையாக, சென்டர் பேக்குகளின் (நடுத் தற்காப்பாளர்களின்) தலைக்கு மேல் பந்து வருவதும் கூடும். முக்கியக் காட்சிகளை மட்டும் பார்க்காமல், ஓர் ஆட்டத்தை முழு நீளத்தில் ஓடவிடுங்கள். எதிரணியின் நடுக்களக்காரர் நெருக்குவார் யாருமின்றி பந்துடன் தலை நிமிரும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, உங்கள் கடைசி நால்வரும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் எவ்வளவு வெற்றிடம் கிடக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் சென்டர் பேக்கின் வேகம் 20க்கு 9 என்றால் அடுத்த சில நொடிகளில் நடப்பதை அங்கேயே காணலாம். அதே கோடு, வேகம் 15 உள்ளவருடன் வேறு விதமாக வேலை செய்யும். எந்த ஆட்டக்காரர்களுக்கு என்று சொல்லாமல் ‘சிறந்த டாக்டிக்’ என்று பரிந்துரைப்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

எண்ணும்போது ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய சார்லஸ் ரீப், 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டமொன்றில் குறிப்பெடுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆட்டங்களைப் பதிவு செய்தார். கோல்களில் சுமார் 80 விழுக்காடு, மூன்று பாஸ் அல்லது அதற்கும் குறைவான நகர்வுகளில் விழுந்தவை என்று கண்டு, நீளப் பந்து ஆட்டமே மேலானது என்று வாதிட்டார். ஆனால் அவரும் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினும் 1968இல் வெளியிட்ட கட்டுரையின் கணக்குப்படியே, மொத்த நகர்வுகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. 90க்கு மேல் இருப்பவற்றிலிருந்து 80 விழுக்காடு கோல்தான் வருகிறதென்றால், நீண்ட நகர்வுகளே அதிகம் பலன் தந்திருக்கின்றன. இங்கிலாந்தின் கால்பந்துச் சிந்தனையில் நெடுங்காலம் செல்வாக்குச் செலுத்திய முடிவு அது. வகுக்க வேண்டிய எண்ணை விட்டதால் வந்த வினை. ஆகவே தலைக்கு மேல் வந்த பந்தால் வாங்கிய கோல்களை மட்டும் எழுதிவைக்காதீர்கள். அப்படி எத்தனை பந்துகள் வந்தன, அவற்றில் எத்தனை ஆஃப்சைடில் முடிந்தன, எத்தனையைக் கோல்கீப்பர் வெளியேறி வந்து எடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னும் இரண்டு. புதிய அமைப்பு அணிக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், மாற்றியவுடன் வரும் ஆட்டங்களைத் தனியாக வையுங்கள். தொடர்ந்து ஐந்து தோல்விகள் கண்டபின் எதை மாற்றினாலும் அதன்பின் நிலைமை சற்றே தேறும், ஏனென்றால் ஐந்து தோல்வி என்பதே அந்த அணியின் வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கிய நிலை. சீசன் நடுவில் செய்த மாற்றங்களை நான் சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

உங்களுடையதையும் உங்கள் நண்பருடையதையும் சேர்த்தால் ‘ஹையர்’ நிலைக்குச் சராசரி 63.5, ‘ஸ்டாண்டர்ட்’ நிலைக்குக் கையில் இருப்பது ஒரே சீசன். நண்பரை அந்த ஒற்றை சீசனுக்குத் துணையாக ‘ஸ்டாண்டர்ட்’ நிலையில் சிலவற்றை ஆடச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன குறிப்பேட்டை நீங்கள் தொடங்குங்கள். எண்கள் சேர்ந்ததும், உங்கள் சென்டர் பேக்குகளின் வேகத்தையும் முன்னுணர்வையும் குறிப்பிட்டு எழுதினால் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்