அப்பாவுக்குச் சர்க்கரையும் இரைப்பைப் புற்றுநோயும் இருந்தன, எனக்கும் வருமா?

கேள்வி: என் வயது 43. ஐந்து வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. 61 வயதில் இரைப்பைப் புற்றுநோய் வந்து இறந்துவிட்டார். இரண்டுக்கும் மரபணுத் தொடர்பு உண்டு என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பதில்: அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் இந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனால் இரண்டு நோயையும் சேர்த்துக் கொண்டுவரும் ஒற்றை மரபணு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

நீங்கள் படித்தது முழுக்கத் தவறும் இல்லை. டைப் 2 சர்க்கரையோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை தராசில் கடுகு வைத்ததுபோல. கொஞ்சம் கனமானது, 2006-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2. அந்த மாற்றத்தின் ஒரு பிரதி இருந்தாலே சர்க்கரை வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்காகிறது. செல்கள் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் 'விண்ட்' சமிக்ஞையில்தான் இந்த மரபணு வேலை செய்கிறது. இரைப்பைப் புற்றுநோயில் அந்தச் சமிக்ஞை தறிகெட்டுப்போவது உண்டு. தொடர்பு என்பது இவ்வளவுதான். இதை வைத்து உங்களுக்குப் புற்றுநோய் வருமா என்று யாராலும் கணிக்க முடியாது.

குடும்பத்தில் நேரடியாக இரைப்பைப் புற்றுநோயைக் கடத்தும் மரபணு வேறு: சிடிஎச்1. 1998-ல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்டது. அது சர்க்கரை நோயைக் கொண்டுவருவதில்லை. அப்பாவின் பழைய ஃபைல் இருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'டிஃப்யூஸ்' அல்லது 'சிக்னெட் ரிங்' என்று எழுதியிருந்து, ரத்த உறவில் இன்னொருவருக்கும் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அந்த வகைப் புற்றுநோய் யாருக்காவது 50 வயதுக்கு முன்பே வந்திருந்தாலும் அப்படியே. அப்பா ஒருவருக்கு மட்டும், அதுவும் 'இன்டெஸ்டினல்' வகை என்றால், மரபணுப் பரிசோதனைக்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

பரம்பரை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு தொற்றுதான். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே வீட்டாரிடமிருந்து தொற்றி, வயிற்றில் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களை வைத்துத் தென்கொரியாவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. சுமார் ஒன்பது ஆண்டுகளில், கிருமிக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. மரபணுவை மாற்ற முடியாது. இதை மாற்ற முடியும்!

ஆகவே மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து அசிடிட்டி மாத்திரையையும், நான்கு வாரம் முன்பிருந்து ஆன்டிபயாடிக்கையும் டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். அப்பாவுக்கே இருந்ததால் ஒருமுறை எண்டோஸ்கோப்பியும் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

சர்க்கரை உள்ளவர்களிடம் எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, எடை இறங்குகிறது. இவை இரைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 'சர்க்கரை வந்தால் இளைக்கத்தான் செய்யும்', 'மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) வேலை' என்று விட்டுவிடுகிறார்கள். சாப்பாடு குறைந்தால் சர்க்கரையும் தானாக இறங்கும். ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.4-லிருந்து 6.6-க்கு வந்துவிட்டது என்று வீடே மகிழும். மருந்தும் உணவுமுறையும் மாறாமல் அப்படி இறங்கினால் சந்தேகப்படுங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ அடுத்த செக்அப் வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், உடன்பிறந்தவர்கள் இருந்தால் சர்க்கரை இல்லாவிட்டாலும் அவர்களையும் கிருமிப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.