'லே கிளெய்ம் டு': விண்ணப்பக் கடிதத்தில் எழுதலாமா?

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ லே கிளெய்ம் டு ஆனஸ்டி அண்ட் ஹார்ட் வொர்க்' என்று எழுதியிருக்கிறேன். நேர்மையும் உழைப்பும் என்னிடம் உண்டு என்பதுதானே பொருள்? இது சரியா?

பதில்: இலக்கணத்தில் குறையில்லை. ஆனாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இந்தத் தொடரை நிலம், சொத்து, அரியணை போன்றவற்றுக்கு உரிமை கொண்டாடுவதைச் சொல்லவும் பயன்படுத்துகிறார்கள். 'ஹி லெய்ட் கிளெய்ம் டு த த்ரோன்' என்றால் அரியணை தனக்கே உரியது என்றான். கிடைத்ததா என்பது வேறு கதை. ஒரு தகுதியோ சிறப்போ தமக்கு உண்டு என்று சொல்லிக்கொள்வது இன்னொரு பொருள். அதிலும் முதல் பொருளின் வாடை போகவில்லை. அதனால்தான் உங்கள் வாக்கியம், யாரோ தர மறுத்த பங்கைக் கேட்டு வழக்குப் போட்டதுபோல் ஒலிக்கிறது.

தேர்ந்த உரைநடையில் இது பெரும்பாலும் 'கேன்' என்ற துணைவினையோடோ எதிர்மறையிலோ வரும். 'ஃபியூ ரைட்டர்ஸ் கேன் லே கிளெய்ம் டு சச் கிளாரிட்டி': இத்தனை தெளிவு தமக்கு உண்டென்று சொல்லிக்கொள்ளக்கூடிய எழுத்தாளர்கள் மிகச் சிலரே. 'ஐ லே நோ கிளெய்ம் டு ஒரிஜினாலிட்டி': புதிதாக எதையோ சொல்லிவிட்டதாக நான் மார்தட்டவில்லை. நம் புலவர்கள் நூலின் தொடக்கத்தில் பாடிய அவையடக்கத்துக்கு இதைவிடத் தோதான ஆங்கிலத் தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. உரிமை கொண்டாடப் பயன்படும் தொடர், பணிவு காட்டும்போதுதான் அழகாக இருக்கிறது!

இறந்தகாலம் 'லெய்ட்'. படுத்தலைக் குறிக்கும் 'லை' என்ற வினையின் இறந்தகாலமும் 'லே' என்றே வருவதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். 'டு'வுக்குப் பின் பெயர்ச்சொல் வேண்டும். வினை வந்தால் 'இங்' சேருங்கள்: 'லே கிளெய்ம் டு பீயிங் த ஓல்டஸ்ட்'. காப்பீட்டுப் பணம் கேட்பதற்கு இத்தொடர் ஒத்துவராது. அங்கே 'ஃபைல் எ கிளெய்ம்' அல்லது 'மேக் எ கிளெய்ம்'தான்.

உங்கள் கடிதத்தில் நேர்மைக்குப் பதில், நேர்மை தெரியும் ஒரு செயலை எழுதுங்கள். ரொக்கக் கணக்கைப் பார்த்துக்கொண்டதும் தணிக்கையில் குறை வராததும் உண்மையென்றால் அதுவே போதும். தொடரை விட மனமில்லையா? 'ஐ கேன் லே கிளெய்ம் டு சம் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்டிங்' என்று எழுதலாம். 'ஓரளவு' என்று அடக்கிச் சொல்லும் அந்த 'சம்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடாதீர்கள்.